உழவு மெசினுக்கு மேல கறுத்துப்போன மணிக்கூடு

ஜவுபர் சேரப் பத்தி கல்முனையில கேட்டா ரெண்டு விதமாச் சொல்லுவாங்க. படிச்ச ஆக்கள் சொல்லுவாங்க, அவர் திரவப் பளிங்கு ஆராய்ச்சிக்காரர், சீமைக்குப் போய்ப் பட்டம் எடுத்தவர் எண்டு. மத்த ஆக்கள், "ஓ, காலிதீன்ட மணிக்கூட்டக் கண்ணால கறுக்க வச்ச மாப்புளதானே" எண்டுவாங்க. ரெண்டும் ஒரே ஆள்தான், ரெண்டும் ஒரே கதைதான். எங்கட வளவுக்கும் அவங்கட வளவுக்கும் நடுவுல ஒரு கிடுகு வேலி மட்டும்தான். அதால அந்த வீட்டு ஆக்கள்ட குரலெல்லாம் எனக்குப் பாடம். அவங்கட குரல்லயே சொல்றன்.

ஜவுபர் சேர் அக்கரைப்பற்றுல பொறந்தவர். வாப்பா கச்சிமுகம்மது, தோணிக்காரர். சின்னதில இரிந்தே சேருக்கு ஒரு வருத்தம் இரிந்திச்சி. வகுப்புல எப்பயும் ரெண்டாம் புள்ள. மார்க்ஸ் குடுத்தா, மொதலாம் புள்ளட மார்க்ஸக் கேட்டிட்டுத்தான் தன்ட தாளத் திருப்பிப் பாப்பாராம். ரெண்டாம் புள்ளயாவே பள்ளிக்கூடம் முடிச்சி, ரெண்டாம் புள்ளயாவே கெம்பஸ் முடிச்சி, எழுவத்தாறுல ஸ்கொலர்ஷிப் கிடைச்சி இங்கிலாந்துக்குப் போனாரு.

அங்க அவர்ட வேலை என்னெண்டா, புதுசு புதுசா ஒரு வெள்ளப் பவுடர் செய்யிற, அதக் கண்ணாடித் துண்டுல வச்சிச் சூடாக்குற, நுணுக்குக்காட்டியால பாக்குற. மத்தச் சாமானெல்லாம் ஒருக்காத்தான் உருகும். இந்தச் சாமான் ரெண்டு தரம் உருகும். மொதல்ல உருகி, அரிசி கழுவின தண்ணி மாதிரிக் கலங்கிப்போய் நிக்கும். இன்னும் சூடு ஏறினாப் பொசுக்கெண்டு தெளிஞ்சிரும். அந்தக் கலங்கின நிலைதான் திரவப் பளிங்கு.

விளங்கல்லயெண்டா சேர் தன்ட வாப்பாட கடலக் கொண்டுவந்து வைப்பாரு. சேர்ட கதை தராசுல நிறுத்து விக்கிற மாதிரி. "அது வந்து... பெட்டியில அடுக்கின சூடை மீன், அது பளிங்கு. கடல்ல கூட்டமா ஓடுற சூடை, அது திரவப் பளிங்கு. எல்லாம் அசையும். ஆனா கிட்டத்தட்ட எல்லாத்துட மூக்கும் ஒரே பக்கம் பாக்கும். அதுக்குள்ள ஒரு கல்லத் தூக்கிப் போட்டா...  சிதறி ஓடும். அது வெறும் திரவம். சூடுதான் அந்தக் கல்லு."

புதுசா வந்த மணிக்கூட்டுல முள்ளில்லாம இலக்கம் தெரியுதே, அதுக்குள்ள இரிக்கிறது இந்தச் சாமான்தான். ரெண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவுல ஒரு சொட்டு. மின்சாரம் தொட்ட இடத்தில மீனெல்லாம் மூக்கத் திருப்பும், அந்த இடம் கறுப்பாத் தெரியும். கறுப்புக் கோடுகள் சேந்தா இலக்கம்.

சேர் அங்க செஞ்ச பவுடர் போத்தல் ஒரு அலுமாரி நிறைய இரிந்திச்சாம். ஒண்டும் சரிவரல்ல. ஒண்டு குளிருக்குக் கட்டியாகிரும், மத்தது கொஞ்சம் சூடு பட்டவுடன தெளிஞ்சிரும். பக்கத்து மேசையில ஒரு வெள்ளக்காரப் பொடியன். விசிலடிச்சிக்கிட்டே வேலை செய்வானாம். அவன்ட கலவையத்தான் மணிக்கூட்டுக் கொம்பனிக்காரங்க தேடிவந்து வாங்கிக்கிட்டுப் போன. அண்டைக்கு ஆராய்ச்சி லெப்புல கேக் வெட்டினாங்க. சேரும் ஒரு துண்டு திண்டாரு. அதுக்குப் பொறகு இண்டை வரைக்கும் அவர் கேக் தின்றல்ல. கலியாண வீட்டுலயும் தட்டத் தள்ளி வச்சிருவாரு.

பட்டத்த எடுத்துக்கிட்டு எழுவத்தொம்பதுல வந்து, மலைநாட்டுப் பக்கம் ஒரு கெம்பஸுல லெக்சரர் ஆனாரு. அதே வருசம் நம்மட கல்முனையில சல்மா உம்மாட எளைய மகள், எங்களுக்கு அக்கா மாதிரி, நஸீறா ராத்தாவக் கலியாணம் முடிச்சாரு. நம்மட பக்கத்தில மாப்புளதானே பொஞ்சாதி வீட்டுக்கு வாற. லீவு கிடைக்கிற நேரமெல்லாம் சேர் சல்மா உம்மாட வளவுக்குத்தான் வந்து இறங்குவாரு. சீமைப் படிப்புக்காரர், புது மாப்புள. ஒரு வருசம் அந்த வீட்டுல அவருக்குத்தான் மீன்ட நடுத்துண்டு.

எம்பதாம் ஆண்டு கச்சான் காத்து வீசுற காலத்தில பெரிய மாப்புள காலிதீன் காக்கா, எங்களுக்கு அண்ணன் மாதிரி, சவூதியால லீவுல வந்தாரு. நஸீறா ராத்தாட மூத்த ராத்தா ஹாஜறாட மாப்புள. வேனால இறங்கக்குள்ளயே வாசனை ஊருக்குப் பரவிட்டு. கெசட் ரேடியோ, பூப்போட்ட போர்வை, கையில வெள்ளி நிறத்தில ஒரு மணிக்கூடு. காலிதீன் காக்கா கதைக்கிற எண்டா ஒவ்வொரு சொல்லுக்கும் கையும் கூடக் கதைக்கும், அதுவும் மணிக்கூடு கட்டின கை.

"பாரு ஹபீபி, சாவி குடுக்கத் தேவல்ல. முள்ளு மாஃபி. இத அமத்தினா லைற்று. இத அமத்தினாத் திகதி. கலாஸ்."

சனம் வேலிக்கு மேலால எட்டிப் பாத்திச்சி. பள்ளியில ஒவ்வொரு மணிக்கும் அது பீப் பீப் எண்டு கத்தும். தொழுதுக்கிட்டு நிக்கிறவங்கட தக்பீருக்குள்ளயும் கத்தும். ஒருத்தரும் ஏசல்ல. சல்மா உம்மா வெத்திலயக் கன்னத்தில ஒதுக்கிக்கிட்டு, சொவருல பெரிய மணிக்கூடு ஓடக்குள்ளயே, "மருமகன், மணி என்ன?" எண்டு கேப்பா. மீன்ட நடுத்துண்டு இடம் மாறிட்டு.

ஜவுபர் சேருக்கு அந்த மணிக்கூட்டக் கண்டா நெஞ்சு பத்தும். சகலன்ட கையப் பாத்தா அதுல பக்கத்து மேசைக்காரன் குந்திக்கிட்டு விசிலடிக்கிற மாதிரி. ஒரு நாள் சாப்பாட்டுல தாங்கேலாம, அதுக்குள்ள இரிக்கிற சாமான் தங்கட லெப்புல செஞ்சதெண்டு மெதுவாச் சொல்லிப் பாத்தாரு.

காலிதீன் காக்கா சோத்தப் பிசைஞ்சிக்கிட்டே கேட்டாரு, "நீ செஞ்சயா?"

"அது வந்து... நானில்ல. பக்கத்து மேசையில ஒருத்தன்."

"ஆ" எண்டாரு காலிதீன் காக்கா. அவ்வளவுதான். அந்த "ஆ" இரிக்கே, நான் எத்தினையோ தரம் சொல்லிப் பாத்திட்டன், எனக்கு அவர மாதிரி வாறல்ல. அதுக்குள்ள சிரிப்பும் இரிக்கும், பாவமும் இரிக்கும், இன்னொரு கறித்துண்டும் இரிக்கும்.

அந்த நேரம் நஸீறா ராத்தாக்கு மாசம் நிறைஞ்சி இரிந்திச்சி. மொதல் புள்ள.

சாகாமத்தில அவங்கட வயல் வெட்டி, சூடடிக்கிற நாள், மெசின ஓட்டிக் கதிர மிதிச்சி நெல்லு பிரிக்கிற நாள். மருமகன்மார் ரெண்டு பேரும் களத்துக்குப் போயிரிந்தாங்க. நல்ல உச்சி வெயில். லுஹர்த் தொழுகைக்கு வுளு எடுக்க, கைகால் மொகம் கழுவ எண்டு காலிதீன் காக்கா மணிக்கூட்டக் கழட்டி, சூடு மிதிச்சிட்டு நிண்ட உழவு மெசின்ட சில்லுக்கு மேல இரிக்கிற மட்காட்டு இரும்புல வச்சிட்டு வாய்க்காலுக்கு இறங்கினாரு. ஜவுபர் சேர் மெசினுக்குப் பக்கத்தில தனிய நிண்டாரு. ஒருத்தரும் இல்ல. அண்டைக்குத்தான் அந்த மணிக்கூட்ட ஆசை தீரக் கிட்டத்தில பாக்கக் கிடைச்ச. குனிஞ்சி பாத்தாரு. பாத்துக்கிட்டு இரிக்கக்குள்ளயே இலக்கத்துக்கு ஓரத்தால ஒரு கறுப்பு ஊறி வந்து, மொகம் முழுக்க அடுப்புச் சட்டி மாதிரிக் கறுத்துட்டு.

ஜவுபர் சேர் சிரிச்சிட்டாரு. வாய்விட்டு, தனிய நிண்டு சிரிச்ச. அவருக்குக் காரணம் தெரியும். வெயில்ல காஞ்ச இரும்பு, அதுக்கு மேல மணிக்கூடு. உள்ள கலவை தெளிஞ்சிட்டு, மீன் கூட்டம் சிதறிட்டு, வெளிச்சத்தத் திருப்பி விட ஆளில்லாம முழுக்கக் கறுத்துட்டு. அங்க கேக் வெட்டினவன்ட கலவை சாகாமத்து மட்காட்டுக்குத் தாங்கல்ல. அவர்ட சந்தோசம் அதுதான்.

தலையத் தொடச்சிக்கிட்டு மேல ஏறிவந்த காலிதீன் காக்கா கண்டது வேற. கறுத்த மணிக்கூடு, அதுக்கு மேல குனிஞ்சிக்கிட்டுச் சிரிக்கிற சகலன்.

"என்ன செஞ்ச நீ இதுக்கு?"

"நான் ஒண்டும் செய்யல்ல மச்சான். சும்மா பாத்துக்கிட்டுத்தான் நிண்டன்."

அதவிட ஒரு கூடாத சொல்லு அந்த நேரத்தில இல்ல. காலிதீன் காக்கா மணிக்கூட்டப் பறிச்சிக்கிட்டு மருத மர நிழலுக்கு ஓடினாரு. ஜவுபர் சேர் ரோசத்தில மத்தப் பக்கம் திரும்பி நடந்தாரு. அவர் போகப் போக, நிழல்ல மணிக்கூடு ஆறி, இலக்கம் ஒண்டொண்டாத் திரும்பி வந்திச்சி. களத்தில நிண்டவங்க அதையும் பாத்தாங்க. அந்த மனிசன் பாத்தாக் கறுக்குது, அங்கால போனாத் தெளியுது. இதுக்கு மேல ஒரு சாட்சி வேணுமா?

பொழுதுபட முந்தியே கதை கல்முனைக்கு வந்துட்டு. சல்மா உம்மா செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துப் பெரிய மருமகனச் சுத்தி, அந்த மணிக்கூட்டையும் சுத்தி அடுப்புல போட்டா. நெடி வரல்ல. மிளகாய்க்கு நெடி வரல்லயெண்டா கண்ணூறுதான், அதில கதையில்ல. அடுத்த நாள் லெப்பை வந்து தண்ணி ஓதிக் குடுத்தாரு. ஜவுபர் சேர் குசினிப் பக்கம் வந்தா ஹாஜறா ராத்தா சட்டிய மூடுவா. அவர் மாட்டுக் கொட்டில் பக்கம் போனாப் பால் கறக்கிற பொம்புள எழும்பிரும். சேர் தெளியிற சூடு, கலவை, கண்ணாடித் தகடு எண்டு விளங்கப்படுத்த, சல்மா உம்மா ஓம் ஓம் எண்டு தலையாட்டிக் கேட்டிட்டு, "அதுவும் இரிக்கும் மகன், இதுவும் இரிக்கும்" எண்டா.

அதெல்லாத்தையும் அவர் பொறுத்தாரு. பொறுக்கேலாதது மறுகா வந்த.

புள்ள பொறந்தா வலது காதுல பாங்கு சொல்ற வாப்பாதானே. சல்மா உம்மா நஸீறா ராத்தாட்டச் சொல்லி விட்டா, இந்தப் புள்ளைக்கு மூத்த மருமகன் பாங்கு சொல்லட்டும், ஜவுபர் தம்பி நாப்பது நாள் கழிஞ்சி புள்ளயப் பாக்கட்டும் எண்டு. பச்சப் புள்ளட மொகத்தில அந்தக் கண்ணு மொதல்ல விழப்படாது. காலிதீன் காக்காவும் மறுக்கல்ல. லீவக் கூட ஒரு மாசம் நீட்டிக் கேட்டு அரபி மொதலாளிக்குத் தந்தியடிச்சிட்டாராம்.

நஸீறா ராத்தா இதச் சொல்லக்குள்ள மாப்புளட மொகத்தப் பாக்காம சீலைத் தலைப்பத் திருகிக்கிட்டே சொன்ன. சேர் கேட்டாரு, "நீயும் நம்புறயா?"

"நீங்க அதப் பாத்த பார்வைய நானும் கண்டதானே" எண்டா அவ.

அவ சொன்னது மெய்தானே. பொறாமையோட பாத்ததும் மெய், கறுத்ததும் மெய். ரெண்டுக்கும் நடுவுல தொடர்பு இல்லயெண்டு காட்டத்தான் அவர் படிச்ச படிப்பு. சீமையில அவர்ட பேராசிரியர் கேட்ட கேள்வியவிட இது பாரமாப் போச்சி. அங்க தோத்தாப் பட்டம் போகும். இஞ்ச தோத்தாப் புள்ளட காது போகும்.

மாமியாருக்கு முன்னால போய் நிண்டாரு. "மாமி, நான் இல்லாத நேரம் பாத்து அத வெயில்ல வைங்க. தகரத்துக்கு மேல. நான் கிட்டயும் வரமாட்டன். கறுக்கல்லயெண்டா நீங்க சொன்னது சரி."

சல்மா உம்மா வெத்திலயத் துப்பிட்டு வந்து நேரத்தக் குறிச்சா. வெள்ளிக்கிழம, ஜும்ஆ நேரம். ஊர் ஆம்புளைகள் முழுப்பேரும் பள்ளியில. ஜவுபர் சேரக் காலிதீன் காக்காவே கையப் புடிச்சிக் கூட்டிக்குப் போய் தொழுகையில மொதல் வரிசை சப்புல தனக்குப் பக்கத்தில நிறுத்தணும். மணிக்கூடு வீட்டுல நிக்கும். இதுல ஏமாத்த ஏலா.

வெள்ளிக்கிழம வந்திச்சி. ஆம்புளைகள் போய்ட்டாங்க. சல்மா உம்மா மணிக்கூட்டக் கோழிக்கூட்டுத் தகரத்துக்கு மேல வச்சா. சுத்தி நிண்டது ஹாஜறா ராத்தா, நஸீறா ராத்தா, வேலிக்கு இஞ்சால எங்கட ஆக்கள், முன்வளவு மைமூனா. பள்ளியில குத்பாப் பிரசங்கம் லவுட்ஸ்பீக்கர்ல கேக்குது. தகரம் அனல் அடிக்குது. குத்பா முடியல்ல, ஓரத்தால கறுப்பு ஊறத் தொடங்கிட்டு. எல்லார்ட கண்ணுக்கும் முன்னால முழுக்கக் கறுத்துட்டு.

ஜவுபர் சேர் பள்ளியில. அப்ப இது ஆர்ட கண்ணு?

மொதல்ல மைமூனா ஒரு அடி பின்னுக்குப் போனா. ஹாஜறா ராத்தா அவவ விடல்ல. "ஏங்கா போற? போன கிழமை நீதானே கேட்ட, ஒன்ட மாப்புளைக்கு எப்ப விசா வருமெண்டு?"

"நான் விசாவத்தான் கேட்ட. மணிக்கூட்டயா கேட்ட?" எண்டா மைமூனா. "ஒன்ட தங்கச்சியக் கேளு. முத்தத்தக் கூட்டக்குள்ளயும் அவட கண்ணு அந்தக் கையிலதான்."

நஸீறா ராத்தா வயித்தப் புடிச்சிக்கிட்டு நிண்டவ, மெதுவாச் சொன்னா. "ஓம். எனக்கும் ஆசைதான். என்ட மாப்புளையும் சவூதிக்குப் போயிரிந்தா என்னெண்டு நினைச்ச. நினைச்சது குத்தமா?"

தங்கச்சிட மாப்புள மாசா மாசம் வீட்டுக்கு வாறத ஹாஜறா ராத்தா எந்தக் கண்ணால பாத்தா எண்டு அவக்குத்தானே தெரியும். தலையக் குனிஞ்சிக்கிட்டா.

கடைசியா எல்லாரும் சல்மா உம்மாவப் பாத்தாங்க. அவ மணிக்கூட்டத் தகரத்தால எடுத்து முந்தானையில சுத்தினா. "என்னயும்தான் பாக்குறீங்க. ரெண்டு மருமகனும் சவூதிக்குப் போயிரிந்தா ரெண்டு மணிக்கூடு வந்திரிக்குமே எண்டு நானும் நினைச்சன். அல்லா பொருந்திக்கட்டும்." பொறகு முடிவு சொன்னா. "இஞ்ச இரிக்கிற எல்லார்ட கண்ணும் இதுல விழுந்திரிக்கி. அந்தத் தம்பிய மட்டும் என்னத்துக்குப் புடிக்கிற? புள்ளைக்கு வாப்பாவே பாங்கு சொல்லட்டும்."

பள்ளியால வந்த ஜவுபர் சேருக்கு வெற்றி. ஆனா மனிசனுக்கு அதுலயும் நிம்மதியில்ல. சூட்டாலதான் கறுத்தது எண்டு ஒருத்தராவது சொன்னாங்களா எண்டு பொஞ்சாதியக் கேட்டாராம். இல்ல, எல்லார்ட கண்ணுலயும் பங்கு போட்டுட்டாங்க எண்டு அவ சொல்ல, "அது வந்து... ஆராய்ச்சி சரி, முடிவு பிழை" எண்டு தலையில கை வச்சாராம்.

புள்ள பொறந்திச்சி, பொம்புளப் புள்ள. சுஹறா. சேர் உள்ள போய்ப் பாங்கு சொன்னாரு. அவர் பாங்கு சொன்னதும் தராசுல நிறுத்த மாதிரித்தான், ஒவ்வொரு சொல்லா, புள்ளைக்கு நோகாம. வெளியால காலிதீன் காக்கா கதிரையில இரிந்தாரு. லீவ நீட்டினது வீணாப்போன மனிசன். சேர் வரக்குள்ள எழும்பி நிண்டாரு. அவர்ட கை அண்டைக்குக் கதைக்கல்ல.

"காதுல சொல்லக்குள்ள கண்ணத் தொறந்திச்சா?"

"ஓம் மச்சான். ஒரு கண்ண மட்டும்."

"என்ட மூணும் பொறக்கக்குள்ள நான் அங்க. மூணுக்கும் லெப்பைதான் சொன்ன. அழுத சத்தத்தக் கெசட்டுல அனுப்பினாங்க. ரூமுல போட்டுக் கேட்ட" எண்டாரு காலிதீன் காக்கா. "ஒருக்காவாவது ஒரு காதுல சொல்லணுமெண்டு இரிந்திச்சி."

ஜவுபர் சேர் அந்த மணிக்கூட்டப் பாத்த அதே பார்வையால காலிதீன் காக்கா அந்த உள்ளறைக் கதவப் பாத்துக்கிட்டு நிண்டாரு. சேருக்கு அது நல்லா அறிமுகமான பார்வை. போய்ப் பக்கத்தில நிண்டாரு.

சவூதிக்குத் திரும்பிப் போற நாள் காலிதீன் காக்கா மணிக்கூட்டக் கழட்டிச் சேர்ட கையில வச்சாரு. "ஒடச்சிப் பாரு. உள்ள என்ன இரிக்கெண்டு நீதானே சொன்ன. அங்க எனக்கு இன்னொண்டு வாங்கலாம்."

சேர் ஒடச்சாரு. கெம்பஸ் லெப்புல அந்த ஒரு சொட்ட எடுத்து நுணுக்குக்காட்டிக்குக் கீழ வச்சிச் சூடாக்கினாரு. அறுவது பாகைக்குக் கொஞ்சம் கீழ தெளிஞ்சிட்டு. பக்கத்து மேசைக்காரன்ட கலவையேதான். அண்டைக்குத் தொடங்கினது அவர்ட மெய்யான ஆராய்ச்சி. நம்மட வெயிலுக்குத் தாங்குற கலவை. லெப்புல சாமான் இல்ல. கரண்டு நிண்டா அடுப்பு ஆறிரும், மறுகா மொதல்ல இரிந்து. ஒண்டு கடும் சூட்டத் தாங்கும், ஆனா மலைநாட்டுக் குளிருக்குக் கட்டியாகும். அதோட இன்னொண்டக் கலந்தாக் குளிரத் தாங்கும், சூட்டுக்குத் தோக்கும். எம்பத்தஞ்சில நாட்டுச் சண்டையால ரோட்டெல்லாம் அடைபட்டு, மாசக்கணக்கில வீட்டுக்கு வரக் கிடைக்கல்ல. சுஹறா வாப்பாட குரலக் கெசட்டுலதான் கேட்டா. அந்தக் கெசட்டப் போட்டிட்டு ஹாஜறா ராத்தா தங்கச்சிக்குப் பக்கத்தில இரிந்து, மூடாத சட்டியால சோறு போட்டுக் குடுப்பா.

எம்பத்தாறுல கலவை சரிவந்திச்சி. எம்பது பாகை தாண்டியும் தெளியல்ல. வெளிநாட்டு இதழொண்டுக்கு எழுதி அனுப்பிட்டு இரிக்கக்குள்ள, அதே இதழ்ல பக்கத்து மேசைக்காரன்ட கட்டுரை வந்திச்சி. அவன்டது இன்னும் நாலு பாகை கூட. சேர் அந்த இதழ மேசையில குப்புற வச்சிட்டு லீவெடுத்துக்கிட்டு ஊருக்கு வந்தாரு. மறுகாவும் ரெண்டாம் புள்ள.

காலிதீன் காக்காவும் சவூதிய முடிச்சிக்கிட்டு வந்திரிந்தாரு. சாகாமத்தில சூடடிப்பு. சேர் சேட்டுப் பைக்குள்ளால ரெண்டு சின்னக் கண்ணாடித் தகடு ஒட்டின ஒரு சாமான எடுத்தாரு. பின்னால ஒரு பெற்றரி, முன்னால ஒரே ஒரு இலக்கம். கொம்பனி செஞ்சதில்ல, அவர் கையால ஒட்டினது, ஓரமெல்லாம் பசை. அதே உழவு மெசின்ட மட்காட்டுக்கு மேல வச்சாரு.

ஆக்கள் சுத்திவர வந்து நிண்டாங்க. வெயில் ஏறிச்சி. இரும்புல கை வைக்கேலாமப் போச்சி. இலக்கம் அப்பிடியே நிண்டிச்சி.

காலிதீன் காக்கா குனிஞ்சாரு. கன நேரம் பாத்தாரு. நிமிர மனமில்லாமப் பாத்தாரு. ஒருத்தன், பாத்தது போதும் காக்கா, கண்ணூறு பட்டுரும் எண்டு பின்னால இரிந்து சிரிச்சான்.

ஜவுபர் சேர் அவனப் பேச விடல்ல. சகலன்ட தோள்ல கை வச்சி, மெதுவா அமத்தினாரு.

"இல்ல மச்சான், நிமிராதீங்க. இன்னும் பாருங்க. நல்லா ஆசையோட பாருங்க."